குருகுலத்துத் தண்ணீர்ப் பானை

ஒவ்வொரு ஜூன் மாதத்திலும், மக்தபுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்களில் யாரேனும் ஒருவர் நம்மிடம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பதுண்டு. “ஹஜ்ரத், கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல போடுற சாப்பாட்ட புள்ள சாப்பிடலாமா?” சோறு, சாம்பார், முட்டை, இதில் விலக்கப்பட்டது எதுவுமில்லை, தாராளமாகச் சாப்பிடட்டும் என்று நாம் சொல்வோம். அவர் தலையசைப்பார்; ஆனால் நகர மாட்டார். அவர் கேட்க வந்தது ஹலால், ஹராம் பற்றியதன்று என்பது நமக்குச் சில ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. ‘அந்த வரிசையில் என் பிள்ளையை எங்கே உட்கார வைப்பார்கள்?’ என்பதே அவர் உள்ளத்தில் இருந்த கேள்வி. மார்க்கத்தின் மொழியில் கேட்பது அவருக்கு எளிதாக இருந்தது, அவ்வளவுதான்.

இதே கேள்வி, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், இதே தாமிரபரணிக் கரையில் எழுந்தது. கேட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் அதற்குக் கிடைத்த விடை தமிழகத்தின் போக்கையே திருப்பிவிட்டது. இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் சான்றிதழ்வரை அதன் விளைவு நீண்டிருக்கிறது. அவ்வரலாற்றை நம் இல்லங்களில் பேசுவோர் குறைவு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கல்லிடைக்குறிச்சி என்றால் வெளியூர்ச் சகோதரர்களுக்கு அப்பளம் நினைவுக்கு வரும். கன்னடியன் கால்வாயும், வயல்களும், அக்கிரகாரத் தெருக்களும், ஆற்றங்கரையும் கொண்ட ஊர். இங்கேதான் 1922 டிசம்பரில் வ.வே.சு. ஐயர் தம் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். விரைவிலேயே அது சேரன்மாதேவிக்கு இடம் பெயர்ந்தது. திருநெல்வேலிக்குச் செல்லும் ரயிலில் இடையே வீரவநல்லூரும் காருகுறிச்சியும் மட்டுமே, அவ்வளவு பக்கம். வரலாற்றில் ‘சேரன்மாதேவி குருகுலம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டதால், அது கல்லிடைக்குறிச்சியில் முளைத்தது என்பதை நம் ஊரார் பலரும் அறியார்.

ஐயர் சாதாரணமான மனிதர் அல்லர். திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்தவர்; சட்டம் படிக்க இலண்டன் சென்று, அங்கே ஆங்கிலேயரை எதிர்க்கும் புரட்சியாளர்களோடு சேர்ந்தவர்; 1910 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் பாரதியாருடனும் அரவிந்தருடனும் அடைக்கலமாக வாழ்ந்தவர்; திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். ‘தேசபக்தன்’ இதழில் வெளியான கட்டுரைக்காகச் சிறை சென்றவர். அந்நிய ஆட்சியின் பள்ளிகள் எழுத்தர்களைத்தான் உருவாக்கும், மனிதர்களை உருவாக்க மாட்டா என்று எண்ணித் தாய்மொழியில் கல்வியும், கைத்தொழிலும், உடல் வலிமையும், நாட்டுப்பற்றும் சேர்ந்த ஒரு கல்விச்சாலையை அமைக்க முனைந்தார். நோக்கம் உயர்ந்தது. அதில் எவருக்கும் ஐயமில்லை. பின்னாளில் அவரை எதிர்த்தவர்களுக்கும் இல்லை.

நோக்கம் உயர்ந்ததாக இருந்தபடியால் பணமும் வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர இசைந்து, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. செட்டிநாட்டுச் செல்வர்களும், மலேயாவில் வாழ்ந்த தமிழர்களும் நன்கொடை அளித்தனர். அன்று காங்கிரசின் பெட்டி யாருடைய காசால் நிறைந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அது கிலாபத்தும் ஒத்துழையாமையும் கைகோத்து நின்ற காலத்தை ஒட்டியது. சென்னை மாகாணத்தில் யாகூப் ஹசன் சாஹிப் போன்றோர் அப்போராட்டத்தில் சிறை புகுந்தனர். பள்ளிவாசல் முற்றங்களில் தேச விடுதலைக்காகக் கூட்டம் நடந்த ஆண்டுகள் அவை. ஆகவே அந்தப் பொதுப் பணத்தில் எல்லாச் சமூகத்தாரின் வியர்வையும் கலந்திருந்தது.

இனி, பானைக்கு வருவோம்.

குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளும் மற்றச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிப் படித்தனர். ஆனால் இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் தனியே உண்டனர். பிள்ளைகளைச் சேர்க்கும்போதே பெற்றோர் அந்த நிபந்தனையை வைத்தனர். ஐயரும் வாக்குக் கொடுத்துவிட்டார். பின்னாளில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே பயின்றார். குடிநீர்ப் பானையும் தனித்தனியே இருந்தது, தெரியாமல் மாற்றிக் குடித்த சிறுவனுக்குத் தண்டனை கிடைத்தது, காலை உணவிலும் வேறுபாடு இருந்தது என்றெல்லாம் பெரியார் ஈ.வெ. ராமசாமி பிற்காலத்தில் கூறினார். செய்தி 1924இல் வெளியே பரவியது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் இதை எழுதி எழுதி நாடறியச் செய்தார். திரு.வி.க.வும் கண்டித்தார். காங்கிரஸ் கமிட்டியின் செயலாளராக இருந்த பெரியார், மீதித் தொகை 5,000 ரூபாயைக் கொடுக்க மறுத்தார். தமக்குத் தெரியாமல் இன்னொரு செயலாளரிடம் அதை வாங்கிச் சென்றுவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

சிந்தித்துப் பாருங்கள். நூறு பேரோ ஐம்பது பேரோ அல்ல, இரண்டே இரண்டு சிறுவர்களின் தட்டு! இதற்கா இத்தனை ஆரவாரம் என்று அன்றும் கேட்டார்கள். நிறுவனத்தின் பெரும்பணியைப் பாருங்கள், சிறு குறையைப் பெரிதாக்காதீர்கள் என்றார்கள். பணம் கொடுத்த காரணத்தாலேயே உள்விவகாரத்தில் தலையிட உரிமை உண்டா என்றார்கள். பெற்றோரின் மத உணர்வை மதிக்க வேண்டாமா என்றும் கேட்டார்கள். இந்த மூன்று கேள்விகளும் நமக்குப் புதியவை அல்ல. நம் ஜமாஅத் கூட்டங்களில் நாமே கேட்டிருக்கிறோம், நம்மிடமும் கேட்டிருக்கிறார்கள்.

மறுபக்கத்தார் சொன்ன விடை எளிமையானது. தம் வீட்டில் எவரும் எவ்வாறும் உண்ணலாம். பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில், அதுவும் நாளைய தேசத்தை வார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இடத்தில், ஒரு பிள்ளையின் தட்டைத் தள்ளி வைப்பது மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் கற்பிக்கிறது. நூலில் எழுதப்படாத அந்தப் பாடத்தை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

ஐயரைச் சாதிவெறியர் என்று சொல்வதற்கில்லை. கொடுத்த வாக்கை மீற மனமில்லாதவராக அவரைக் காண்பதே நீதி. 1925 மார்ச்சில் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது வழக்கு அவரிடம் சென்றது. ஏற்கெனவே சேர்ந்த இருவருக்கும் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் சேர்வோர் அனைவரும் ஒன்றாகவே உண்ண வேண்டும் என்று அவர் இணக்கம் சொன்னார். எதிர்ப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. ஏப்ரலில் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுதல் கூடாது, தேசிய இயக்கத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற கருத்தில் எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் மாதத் தொடக்கத்தில் குருகுல மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தபோது நீரில் விழுந்த தம் மகள் சுபத்திராவைக் காக்கப் பாய்ந்து, மகளோடு தாமும் மூழ்கி இறந்தார். அவருக்கு வயது 44. நாம் குளித்து ஒளூச் செய்யும் இதே ஆற்றின் மேற்கில், மலையடிவாரத்தில் நிகழ்ந்த துயரம் அது. கொள்கையில் வேறுபட்டவர்களையும் அச்செய்தி கலங்க வைத்தது.

இன்னொரு செய்தியையும் இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். குருகுலப் பூசல் மூண்ட அதே 1924இல்தான், சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச்சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்று அரசு அறிவித்தது. அந்நிய அரசின் ஏடு கிணற்றைத் திறந்துவிட்டது. விடுதலை வேண்டியவர்களின் கல்விச்சாலையிலோ பானை தனியே இருந்தது! அறிவிப்பு வந்ததாலேயே எல்லாக் கிணறுகளும் திறந்துவிடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் சட்டம் ஒரு பக்கம் இருக்க, கையில் குவளையைக் கொடுக்கும் மனிதர் வேறொரு பக்கம் இருக்கிறார் என்பதை நம் மக்கள் அன்றே கண்டுகொண்டனர். பிரிட்டிஷ் இந்தியாவின் பல ரயில் நிலையங்களில் ‘இந்து தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ என்று தனித்தனியே ஊற்றியதும் அக்காலத்தில்தான். அதில் நமக்கும் ஒரு பானை கிடைத்ததே என்று அன்று மகிழ்ந்தவர்களும் நம்மில் இருந்திருக்கலாம்.

இவ்விடத்தில் அபஸ அத்தியாயம் நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. குறைஷித் தலைவர்கள் மார்க்கத்தின்பால் வருவார்களா என்ற பெரும் எதிர்பார்ப்போடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ளும் ஆவலோடு வந்தார்கள். அவருக்கு உடனே கவனம் தரப்படவில்லை என்பதற்காக வானிலிருந்து வசனம் இறங்கியது. அந்தத் தலைவர்களால் கிடைக்கக்கூடிய நன்மை எவ்வளவு பெரியதாயினும், தேடி வந்தவர் காத்திருக்க வேண்டியதில்லை என்று அல்லாஹ் உணர்த்தினான். பின்னர் நபியவர்கள் அவரைக் கண்ணியப்படுத்தினார்கள். மதீனாவில் பாங்கு சொல்லும் பணியைத் தந்தார்கள். தாங்கள் வெளியூர் செல்லும்போது அவரைத் தம் பொறுப்பில் நிறுத்திச் சென்றதும் உண்டு. குருகுல வழக்கை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று தெரியும். பெருநோக்கம், நன்கொடையாளர், செல்வாக்குள்ள பெற்றோர் என்று பார்த்துப் பார்த்துத்தான் நல்ல நிறுவனங்களும் வாசலில் நிற்பவரைக் காத்திருக்க வைக்கின்றன. தீயவர்கள் நடத்தும் நிறுவனத்தைவிட, நல்லவர்கள் நடத்தும் நிறுவனத்தில் இது நிகழ்வதே நமக்கு அதிகம் அச்சம் தருகிறது.

பூசலின் விளைவு குருகுலத்தோடு நிற்கவில்லை. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரிய தீர்மானத்துக்கு இடம் கிடைக்காததால் பெரியார் வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் 1921இல் பிறந்து ஏட்டளவிலே இருந்த வகுப்புவாரி ஆணைக்கு, பின்னர் வந்த சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியார் உயிர் கொடுத்தார். அதன்படி அரசுப் பணியிடங்கள் 12 எனில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பகுக்கப்பட்டது. 1947இல் பங்கீடு 14 ஆக மாறியபோது நமது 2 என்பது 1 ஆயிற்று. 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதாக்க, அதே ஆண்டில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. 2007இல் தமிழக முஸ்லிம்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் 3.5 விழுக்காடு தனியே கிடைத்தது. தாசில்தார் அலுவலகத்தில் நம் பிள்ளைகள் வாங்கும் ‘லெப்பை’ச் சான்றிதழின் பூர்வீகத்தைத் தேடினால் வழியில் அந்தப் பானையையும் காண்போம்.

நம் சமூகம் அரசு வாசலில் தயங்கி நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்வோம். 1871இல் மேயோ பிரபுவின் அரசு முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவைப் பற்றிக் கவலைப்பட்டு, மாகாணங்களுக்கு எழுதியது. நல்லெண்ணம்தான். ஆனால் அந்த அதிகாரிகளின் மனத்தில் முஸ்லிம் என்றால் இந்துஸ்தானி பேசுபவர். தாமிரபரணிக் கரையில் தமிழே பேசி, அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த லெப்பைகளையும் ராவுத்தர்களையும் அந்தச் சட்டத்துக்குள் அடக்குவது எளிதாக இல்லை. நம் பாட்டிமார் அரபுத்தமிழ்க் கிதாபுகளை விளக்கொளியில் ஓதிக் கண்ணீர் விட்டவர்கள். அவர்களே பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை மையில் தோய்த்தவர்களும் ஆவர். படிக்கத் தெரிந்தவர்கள்தாம், அவர்கள் படித்ததை அலுவலகம் படிப்பாக அறியவில்லை. அங்கிருந்து திரும்பியவர்கள், ‘நமக்கு அங்கென்ன வேலை’ என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். அந்தச் சொல் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் தங்கிவிட்டது. ஆங்கிலம் ஹராம் என்று ஆலிம்கள் தடுத்தார்கள் என்ற ஒற்றை விளக்கத்தை மட்டும் சொல்லி எல்லாவற்றையும் முடித்துவிடுவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தட்டுக்கு மீண்டும் வருவோம். 1956இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பசியாற்றியது மட்டுமே இத்திட்டத்தின் பெருமை என்று பலர் எழுதுகிறார்கள். சேரன்மாதேவியில் நடக்காதது நாட்டின் பல்லாயிரம் பள்ளி முற்றங்களில் நடந்ததே என்பது நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும், நம் பிள்ளைகளும், ஒரே அண்டாவிலிருந்து வந்த சோற்றை ஒரே வரிசையில் உண்டார்கள். முற்றிலும் நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் தலித் பெண்மணி சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்து, அவரை இடம் மாற்றச் செய்து, பிறகு எதிர்ப்பு வலுத்ததும் அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டதை நாடு கண்டது. இரண்டு சிறுவர்களின் பெற்றோர் அன்று வைத்த நிபந்தனை இன்னும் சாகவில்லை.

இதுவரை பிறர் கதை. படிக்க இனிதாகவே இருந்திருக்கும். நம் கதையைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

நம்மிடம் சஹன் இருக்கிறது. ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து கைகலந்து உண்ணும் அந்த வழக்கத்தைப் பிற சமயச் சகோதரர்கள் வியந்து பேசுவார்கள். நாமும் மேடைதோறும் அதைச் சொல்லிப் பெருமை கொள்வோம். பொட்டல்புதூரில் 1920இல் முஸ்லிம்கள் கூட்டிய கூட்டத்தில் பாரதியார் இஸ்லாத்தின் பெருமையைப் பேசியதையும் நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். சரிதான். ஆனால் சஹனில் ஒன்றாக அமர்ந்தவர்கள் சம்பந்தத்துக்கு என்று வரும்போது ஒன்றாக அமர்கிறார்களா? லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்ற பிரிவுகள் தொழிலையும் வட்டாரத்தையும் குறித்தவை என்று விளக்கம் சொல்லும் நாம், நிக்காஹ் பேசும்போது அவற்றையே முதலில் கேட்கிறோம். முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை ஹாபிழாகி வந்தால் தராவீஹில் பின்னால் நின்று தொழுவோம்; பெண் கொடுப்போமா?

1981 பிப்ரவரியில் தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். பெருஞ்செய்தியாகி டெல்லிவரை அதிர்ந்தது. பணம் வந்ததா என்று விசாரித்தவர்கள் பலர். அம்மக்கள் சொன்ன காரணத்தில் தெருவும் தேநீர்க்கடையும் காவல் நிலையமும் இருந்தன. பொது இடம் என்ற ஒன்று அவர்களுக்கு இல்லாதிருந்தது. நம் வரிசைக்கு வந்ததும் தோளோடு தோள் கிடைத்தது, உண்மை. அதே வேளையில் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இஸ்லாத்துக்கு வந்தவர் பட்டியல் சாதியினர் அல்லர். ஒரு வாசலில் மரியாதை பெற்றவர் இன்னொரு வாசலில் உரிமையை இழந்தார். இவ்வாறு வந்தவர்களுக்கு எந்தச் சான்றிதழ் என்ற வழக்கும் ஆணையும் இன்றுவரை நீண்டுகொண்டே இருக்கின்றன. அந்த இழப்பை ஈடுசெய்ய நம் கல்வி நிறுவனங்களும் வக்ஃபுகளும் என்ன செய்தன என்று கேட்டால், ஆங்காங்கே சில நல்ல முயற்சிகளைத் தவிர, தலைகுனிய வேண்டியிருக்கிறது.

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட தாயிடம் சென்ற ஆண்டு வேறு விதமாக விடை சொன்னோம். ஒருநாள் மதியம் நீங்களே சென்று, பிள்ளைகள் உண்ணும் வரிசையைப் பார்த்து வாருங்கள் என்றோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதையும் சொன்னோம். அவர் சிரித்தார். ‘கையெழுத்துப் போடுற மட்டும்தான் படிச்சிருக்கேன் ஹஜ்ரத்’ என்றார். ஆனாலும் சென்றார். பிறகு குழுவிலும் சேர்ந்தார். குடிநீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று அங்கே கேட்டாராம். தொட்டியைக் கழுவினார்களாம்.

சென்ற மாதம் மக்தபு வாசலில் நம்மை நிறுத்தி, தயக்கம் ஏதுமின்றி இன்னொரு கேள்வி கேட்டார். “அங்க வரவு செலவ எங்க முன்னால வாசிக்காங்க. நம்ம மதரஸாவுக்கு மாசாமாசம் சந்தா குடுக்கோமே, இங்க எப்ப வாசிப்பீங்க ஹஜ்ரத்?” ஜமாஅத் நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கூட்டம் ஷஅபான் பிறை பதினைந்துக்கு முன் நடக்கும் என்கிறார்கள்.